ஓசோன் ஏறும் நேரம்

புகையைக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செங்கோட்டை சாலையில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும் ஆலை ஒன்றில் சுற்றுச்சூழல் பிரிவு என்று ஒரு சின்ன அறை உண்டு. பிரிவு முழுக்க நான் ஒருத்திதான். புகைபோக்கியில் தூசி எவ்வளவு, கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடுகள் எவ்வளவு என்று அளந்து அரசாங்க இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எல்லை தாண்டினால் காரணம் எழுத வேண்டும். ஆலையில் என்னைக் கண்டால் யாருக்கும் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. அதனால் வேலை சுத்தமாக நடந்தது. வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடாது, ஏனென்றால் வீட்டில் அக்கா இருந்தாள்.

அக்காவும் அத்தானும் தென்காசியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்கள். சன்னல் கிடையாது, முன்னால் ஒரு ஷட்டர், அவ்வளவுதான் கடை. பத்திரக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடையநல்லூரிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அத்தான் உள்ளே மெஷினில் நிற்பார். அக்கா முன்னால் மேசையில் உட்கார்ந்து, வந்தவர் கேட்டதை உள்ளே சொல்லுவாள். ஒரு காலையில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா கடையை விட்டுவிட்டு இலஞ்சியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடவே மூச்சிழுப்பும் வந்தது.

மாடிப்படி ஏறினால் இழுக்கும், துணி காயப்போட்டால் இழுக்கும், சிரித்தாலும் இழுக்கும். மருந்து எழுதிய டாக்டர், மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள், நல்ல காற்றாக வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதை அவள் மருந்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை பெரிதாக இழுத்தால் நுரையீரல் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் என்னைத்தான் திட்டியிருப்பாள்.

அந்த மார்கழியில் குற்றாலம் போகும் சாலையோரம் ஒரு கருவி அறை வந்தது. அதன் மேல் சிவப்பு எழுத்து ஓடும் பலகை. காற்றில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அது நாள் முழுக்கக் காட்டும். நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். எங்கள் தொழில்காரர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. நான்கும் குறைவாக இருக்க வேண்டும்.

ஊருக்கு அப்படியில்லை. மார்கழியில் ஓசோன் காற்று பூமிக்குப் பக்கத்தில் இறங்குகிறது, அதை வாங்கத்தான் நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து கோலம் போட்டார்கள், பஜனை போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் வருஷம் தவறாமல் வரும். அப்படி வளர்ந்த ஊருக்கு முன்னால் பலகையை நட்டால் என்ன ஆகும்? முதல் மூன்றும் இறங்க வேண்டும், கடைசி ஏற வேண்டும் என்று ஊர் தானாகவே முடிவுகட்டிவிட்டது. பக்கத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சி, ‘ஓசோன் நிறைந்த காற்று’ என்று வாசலில் எழுதியே மாட்டிவிட்டார். அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களுக்கு அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

அக்கா முதலில் விடியற்காலையில் போனாள். சில நாளிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

“காலைல ஓசோன் கம்மியா இருக்குட்டி. மத்தியானத்துக்கு மேலதான் ஏறுது. இத்தன நாளு தப்பான நேரத்துக்குப் போயிருக்கோம்.”

அவள் கண்டுபிடித்தது சரிதான். வெயில் ஏற ஏறத்தான் தரையில் ஓசோன் ஏறும். அது வானத்து உச்சியில் இருக்கிற வரைக்கும் நமக்குக் குடை, மூக்குக்கு நேரே வந்தால் நெஞ்சைப் புண்ணாக்கும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன். மழையும்தான் மேலிருந்து வருகிறது, கீழே வந்ததும் கெட்டுப்போகிறதா என்று கேட்டாள். உனக்குப் புகையைத்தான் தெரியும், காற்றைத் தெரியாது என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன். அன்றைக்கு ஓங்கித்தான் வைத்தேன்.

மாசி பிறந்து வெயில் தெளிந்தது. மழை இல்லை, மேகம் இல்லை, தூசிகூட இல்லை. அப்போதுதான் வீட்டில் ரப்பர் பேண்டுகள் அறுபட ஆரம்பித்தன. பூக்காரியிடமும் பார்சல் கடையிலும் வருகிற ரப்பர் பேண்டை அக்கா எறிய மாட்டாள். பொரிகடலை, அப்பளம், மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் கட்டி, மலைப்பக்கச் சன்னல் திட்டில் வரிசையாக வைத்திருப்பாள். மத்தியான வேளையில் யாரும் தொடாமல் ‘டப்’ என்று ஒன்று அறும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எடுத்துப் பார்த்தால் புது ரப்பர், ஆனால் குறுக்கே பொடிப்பொடியாக வெடித்திருக்கும். அக்கா கடைக்காரனைத் திட்டினாள். பிறகு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். கொல்லையில் அவரைக்கொடியின் இலைகளில் மேல்புறம் மட்டும் ஊசியால் குத்தியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பூச்சியா என்று திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை.

எனக்கு அது என்னவென்று தெரியும். இழுத்துக் கட்டிய ரப்பரை ஓசோன் வெடிக்க வைக்கும், இலையைப் புள்ளி போடும். படித்ததுதான். ஆனாலும் சொந்த வீட்டில், நல்ல வெளிச்சத்தில், எதிரே எதுவும் இல்லாதபோது அந்தச் சத்தம் கேட்டால் பயமாகத்தான் இருந்தது.

பலகையைப் பார்த்துக்கொள்ள துறையிலிருந்து ஒரு பொறியாளர் வருவார். அவரைப் பிடித்துக் கேட்டேன். எட்டு மணி நேரச் சராசரிக்கு ஒரு எல்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, பல மத்தியானங்களில் இரண்டையும் தாண்டுகிறது, மேலே அறிக்கை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். சரி, யார் விடுகிறார்கள் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டியதுதானே என்றேன்.

“யாருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுதீங்க மேடம்? வெயிலுக்கா?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். புளியரை சோதனைச் சாவடியில் கேரளாவுக்குப் போக வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் புகை, சூளைப் புகை, பெட்ரோல் பங்கின் ஆவி, மலைக்காட்டு மரங்கள் விடும் வாசனைகூட, எல்லாம் வெயிலில் கலந்துதான் அது உண்டாகிறது. கடல் பக்கமிருந்து வருகிற மத்தியானக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து மலையடியில் விடுகிறது. ஒவ்வொருவர் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தால் எல்லாரும் எல்லைக்குள்தான் இருப்பார்கள், நீங்களும்தான் என்றார்.

நானும்தான். திரும்பிப் போய் என் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அதில் ஓசோனுக்கு இடமே கிடையாது. எந்தப் புகைபோக்கியும் அதை விடுவதில்லையே, பிறகு எப்படிக் கேட்பார்கள்? யாரும் விடாத ஒன்று தினமும் மத்தியானம் எங்கள் ஊருக்கு வந்து, சன்னல் வழியாக நுழைந்து, அப்பளக் கட்டை அவிழ்த்துவிட்டுப் போகிறது. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் நான் சிரிக்கிறவள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறியாளர் தன்னால் ஆனதைச் செய்தார். ‘தரைமட்ட ஓசோன் உடல்நலத்துக்குக் கேடு, எண் கூடினால் வெளியே நடக்க வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பிளெக்ஸ் அடித்துப் பலகைக்குக் கீழே கட்டினார். அதுவரை மத்தியானம் அங்கே ஒரு கூட்டமே நிற்கும். பேச்சு இல்லாமல், கண்ணை மூடி, பலகைப் பக்கம் திரும்பியபடி ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டு நிற்பார்கள். லீவு நாளில் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் வண்டியை வேகமாக விடுவேன். பிளெக்ஸ் வந்ததும் கூட்டம் கரைந்தது. லாட்ஜ் அண்ணாச்சியும் தன் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அக்கா மட்டும் போனாள்.

படித்தாயா என்று கேட்டேன். படித்தேன் என்றாள். பிறகு ஏன் போகிறாய் என்று கேட்டால் தலைசீவக் கண்ணாடிக்கு முன்னால் போய்விட்டாள். அவள் போவது நான் ஆலையில் இருக்கிற நேரம். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போகிறாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன்.

பங்குனியில் ஒரு நாள் ஆலையில் பராமரிப்பு வேலை என்று சீக்கிரம் விட்டார்கள். வண்டியை நேரே அந்தச் சாலைக்கு விட்டேன். ஆள் நடமாட்டமே இல்லை. தென்னந்தோப்பில் ஓலை அசையவில்லை. வானம் அப்படி ஒரு நீலமாக இருந்தது, மலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வந்து நின்றது. பலகையில் ஓசோன் எண், நான் அதுவரை பார்த்திராத உயரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அக்கா தனியாக நின்றாள். கண் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது தூரத்திலேயே தெரிந்தது. கிட்டே போனபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. தலையை லேசாகப் பின்னால் திருப்பி, யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பக்கமும் எடுக்கணுமாம்.”

கடையில் முன்மேசையிலிருந்து உள்ளே அத்தானுக்கு அவள் சொல்லுகிற வார்த்தை அது. அவளுக்குப் பின்னால் நான் பார்த்தேன். சாலையும் வெயிலும்தான் இருந்தன. அவளைத் தொட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“அங்கன அவுக வாசம் வருதுட்டி. கடைக்குள்ள ஒக்காந்திருந்தா வருமே, அதே வாசம். நெசமாத்தான் சொல்லுதேன். அந்த நம்பர் ஏறும்போதுதான் அவுக வருதாக.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்து ஜெராக்ஸ் மெஷின் ஓடினால் ஒரு வாசம் வருமே, சூடும் காரமுமாக, மின்னல் அடித்ததற்குப் பின்னால் வருவதுபோல, அது ஓசோன். சன்னலில்லாத கடையில் அது அத்தானின் சட்டையில், தலைமுடியில், இரண்டு பேரின் சாப்பாட்டில்கூட இருந்திருக்கும். சொல்லாமல் விட்டால் அவள் நாளைக்கும் போவாள். சொன்னால் அத்தானை நானே இரண்டாம் தடவை அவளிடமிருந்து பறித்ததாகிவிடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அத்தான் இல்லை அக்கா, அது மெஷின் வாசம், அதுதான் ஓசோன் என்று சொல்லிவிட்டேன்.

என் கையை விட்டுவிட்டாள். கண்ணீர் எதுவும் இல்லை.

“அப்ப நாங்க ரெண்டு பேரும் அங்கன ஒக்காந்து இதத்தான் குடிச்சோமாட்டி?”

தெரியாது என்றேன். அத்தான் நெஞ்சுவலியில் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று யாரும் அளந்து வைக்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியாது.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. ஒரு ரப்பர் பேண்டைச் சன்னல் கொக்கியில் இழுத்து மாட்டிவைத்தேன். அது அறுபடும் நாட்களில் மத்தியானம் சன்னலைச் சாத்திவிட வேண்டும் என்று சொன்னேன். சொன்னபடி செய்தாள். எனக்கு அதுவே அதிசயம். சித்திரை முழுக்க அது அறுந்துகொண்டே இருந்தது, நாங்கள் புதிது மாட்டிக்கொண்டே இருந்தோம்.

பிறகு மேற்கேயிருந்து காற்று திரும்பியது. மேகம் மலையை மூடி, சாரல் விழ ஆரம்பித்தது. அருவிகளில் தண்ணீர் கொட்டியது, லாட்ஜ் அண்ணாச்சிக்குப் பேச நேரமில்லை. பலகையில் ஓசோன் எண் தரையோடு தரையாகக் கிடந்தது. அக்கா மாடிப்படி ஏறினாள், துணி காயப்போட்டாள், இழுப்பே இல்லை. மூச்சுச் சத்தம் கேட்காத வீடு எனக்குப் புதிதாக இருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். நல்ல சேலை கட்டி, தலைசீவி, மலைப்பக்கச் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னும் அறலட்டி.”

நல்லதுதானே அக்கா என்றேன். நல்லதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து சன்னலை முழுதாகத் திறந்தாள். திரும்பி உட்கார்ந்து, தலையை லேசாகப் பின்னால் திருப்பி, ரெண்டு பக்கமும் எடுக்கணுமாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சாரல் உள்ளே அடித்துத் தரையெல்லாம் நனைந்தது. நான் சன்னலைச் சாத்தவில்லை.