ஆம்பளைக்கு வந்தால் கேஸ்

மருந்துக்கடையில் மாத்திரை உள்ளிருந்து வெளியே போகும்; அறிவுரை வெளியிலிருந்து உள்ளே வரும். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் பதினாறு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இதே வேலையில் கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை.

கேடயம்

சேலத்திலிருந்து வரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, பதற்றத்துக்கான புது மாத்திரையோடு ஒரு பாடமும் நடத்தினார். பெண்களுக்கு ஹார்மோன் ஏறி இறங்குமாம். மூளையில் மனதை அமைதியாக வைக்கும் ரசாயனங்களும் கூடவே ஆடுமாம். ஆண்களுக்கோ டெஸ்டோஸ்டிரோன் என்ற கேடயம் இருக்கிறதாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை, நானும் படித்ததுதான். ஆனால் அவர் சொன்ன தோரணையில், பெண்ணான எனக்கு இன்னும் பதற்றம் வராதது அவர் கம்பெனிக்குச் செய்யும் துரோகம் போலிருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. மேனேஜர். "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லச் சொல்ல முகம் வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டு வாங்கி, பாட்டிலைக் காலி செய்தார். கேடயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது ஆராய்ச்சிங்க மேடம். இவரு எங்க மேனேஜருங்க."

தைரியத்துக்கு டானிக்

மாரமங்கலத்து ஜீப் டிரைவர் முருகேசன், எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் தன் மனைவி செல்வியைக் கூட்டிவந்தார். அவளுக்குப் படபடப்பு; மேடேறினால் மூச்சு வாங்கியது. நான் செல்வியிடம் கேட்டேன், பதில் முருகேசனிடமிருந்து வந்தது: "பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயந்தானுங்கக்கா. தைரியத்துக்கு ஒரு டானிக் குடுங்க." ஏற்கெனவே ஒரு டாக்டர் நாடிகூடப் பார்க்காமல் 'மனப் பயம்' என்று எழுதி, தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்.

செல்வியின் கீழிமையை இறக்கிப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம். டானிக் தரமாட்டேன், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று சொல்லி, படுக்கவைத்து ரத்தம் ஏற்றினார்கள். தேறிய பிறகு செல்வி தனியாகக் கடைக்கு வந்தாள்.

"நான் பயப்படவே இல்லீங்கக்கா. பயப்படறேன்னு அவரு சொன்னாரு, டாக்டரு எழுதிக்கிட்டாரு."

சீட்டில் ஒரு திருத்தம்

ஆறு மாதத்தில் முருகேசனே வாடிக்கையாளர் ஆனார். கொண்டை ஊசி வளைவில் தனக்கு முன்னால் போன வேன் கவிழ்ந்ததைப் பார்த்ததிலிருந்து, வளைவு வந்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. வெறும் கேஸ், வாயுத் தொல்லை என்றார். சோடா, ஓமவாட்டர், என் கடையிலிருந்த கேஸ் சிரப் அத்தனையும் குடித்துத் தீர்த்தார். பயமாக இருக்குமோ என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். ஒரு வாரம் வேறு கடைக்குப் போனார்.

கடைசியில் ஒருநாள், ஜீப் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பாதி வளைவில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். செல்விதான் சேலத்துக்கு இழுத்துப்போய்க் காட்டினாள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, பதற்ற நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மாத்திரை எடுக்கும்போது செல்வி அந்தப் பக்கம் திரும்பி, ரோட்டில் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையையா என்று தெரியவில்லை. முருகேசன் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, இந்தச் சீட்டுல கேஸுன்னு மாத்தி எழுத முடியுங்களா? ஸ்டாண்டுல தெரிஞ்சா நொம்பக் கேவலமாப் போயிருமுங்க."

முருகேசன் இப்போது எல்லா வளைவிலும் ஒழுங்காக ஓட்டுகிறார். ஆண் மூளையிலும் பெண் மூளையிலும் எந்த ரசாயனம் குறைகிறது என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் நிதானமாகக் கண்டுபிடிக்கட்டும், வெட்கம் எதில் கூடுதலாகச் சுரக்கிறது என்று கவுன்டரில் நிற்கும் நமக்குத் தெரியும்.