ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம்

மேடை அலங்காரம் செய்கிறவர்களோடு ஊர் ஊராகப் போவது என் பிழைப்பு. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு இது குறைந்த வேலை இல்லை. லாரியில் பூக்கூடைகளுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே தூங்கி எழுந்தால் வேறு ஊர், வேறு மண்டபம். ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இத்தனை மேடை கட்டியும் நான் பெருமையோடு நினைத்துக்கொள்வது நான் கட்டாத ஒன்றை. ஏ.எஸ்.ராவ் நகரில் என் அக்காவின் ரிசப்ஷனுக்குப் போட்ட மேடை அது.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் போலாரத்தில் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்குப் பிழைக்க வந்து, ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்து, நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது இறந்துபோனார். அம்மா அமீர்பேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்தாள். முதல் பஸ்ஸில் போய்விடுவாள். அக்கா அதே அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இடமொன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே பாடம் எடுத்த தெலுங்குப் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் கொஞ்சம் அழுகை, கொஞ்சம் மௌனம் எல்லாம் முடிந்து கல்யாணம் என்று ஆகிவிட்டது.

ரிசப்ஷனை எப்படி நடத்துவது என்று பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தங்கைக்குக் கேக் வெட்ட வேண்டும், பெண் மேடைக்கு வரும்போது வெள்ளைப் புகை விட வேண்டும். மாப்பிள்ளையின் அத்தைக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. கை நிறைய வளையலோடு, அந்த வீட்டில் கடைசி வார்த்தை சொல்கிறவர் அவர்தான். ஐந்து சுமங்கலிகள் ஆரத்தித் தட்டோடு பெண்ணை மேடைக்கு அழைத்து வர வேண்டும் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, உங்களுக்கு எதற்குச் சிரமம், முன்வரிசையில் நாற்காலி போட்டுவிடுகிறோம், உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார்.

அம்மா டீயை ஒரு வாய் குடித்தாள். அம்மாவின் தெலுங்கு ஹாஸ்டல் சமையலறையில் கற்றது. மரியாதை கொஞ்சம் குறைவாகவும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். அன்று மட்டும் மெதுவாகப் பேசினாள். புகை விடட்டும், கேக் வெட்டட்டும், ஐந்து பேரும் தாராளமாக வரட்டும். ஆனால் பெண்ணின் கையைப் பிடித்து மேடை ஏற்றுகிறவள் பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் ஏற்றினாலும் பெண்ணுக்கு ஆகாது. ஆற்காட்டுப் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

“அவுனா?” என்றார் அத்தை. அப்படியா என்று அர்த்தம். “நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“மா வைப்பு அந்தே,” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் அப்படித்தான்.

அத்தை யோசித்தார். வழக்கம் என்று வந்த பிறகு, சரி, அப்படியே செய்யுங்கள் என்றார். வழக்கத்தை மதிக்கிறவர்களிடம் உள்ள வசதி அது.

என் வாயில் பிஸ்கெட் இருந்தது. அதை மெல்வதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். அதுவரை வழக்கம் என்பது சொந்த வீடு உள்ளவர்களுக்கு இருப்பது என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பதுகம்மா பண்டிகை, ஒரு வீட்டில் ரம்ஜான், எல்லோருக்கும் ஏதாவது இருந்தது. எங்களுக்கு ஸ்டீல் டப்பாவும் மாத வாடகையும்தான். இப்போது எங்களுக்கும் ஒன்று இருக்கிறது, அதுவும் வளையல் போட்ட அத்தையையே அடக்குகிற அளவுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மெல்லக் கேட்டாள். “ஏம்மா, நிஜமாவே அப்படி ஒரு வழக்கம் இருக்கா?”

“டிக்கெட் வாங்கினியாடி?” என்றாள் அம்மா.

மறுநாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிநேகிதி “கைக்கு?” என்றாள். எதற்கு என்று அவள் உருதுவில் கேட்கும் விதம் அது. ராஜா காலத்திலிருந்தே அப்படித்தான் என்றேன். எந்த ராஜா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒருவரை உண்டாக்கியிருப்பேன்.

ரிசப்ஷனுக்கு ஆற்காட்டிலிருந்து வந்தவர் மாமா ஒருவர்தான், அம்மாவின் அண்ணன். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவருடைய மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். முகூர்த்த நேரத்தில் மாமா எங்களிடம் வந்து, “நீ கொஞ்சம் டைனிங் ஹால் பக்கம் இரும்மா,” என்று அம்மாவிடம் சொன்னார். நாங்கள் பின்னால் சமையல்கட்டில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். அங்கே மேளச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஒரு கத்தியை எடுத்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒருவர் சூடான லட்டு கொடுத்தார், பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் முன்னால். அம்மாவுக்குச் சமையல் பிடிக்கும் என்பதால் நமக்கு இந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏ.எஸ்.ராவ் நகர் மண்டபத்தில் அக்காவுக்கு அலங்காரம் முடிந்தது. அம்மா காப்பிக்கொட்டை நிறப் பட்டுப்புடவையில் இருந்தாள். ஹாஸ்டல் பெண்கள் சேர்ந்து எடுத்துக் கொடுத்தது. ஐந்து சுமங்கலிகளும் தட்டோடு தயாராக நின்றார்கள். அப்போதுதான் அத்தை, வேட்டியும் துண்டும் விபூதியுமாக அறை வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார். ஆற்காட்டிலிருந்தே ஒரு பெரியவர் வந்திருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டால் மனசு சமாதானமாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தையிடம் கெட்ட எண்ணம் இல்லை. தம்பி மகன் நன்றாக இருக்க வேண்டும் என்ற பயம்தான்.

மாமாவுக்குத் தெலுங்கு தெரியாது, அத்தைக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் அம்மா தைரியமாக இருந்தாள் போலிருக்கிறது. நடுவில் நான் ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டாள். அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

“மாமா, நம்ம ஊர்ல பொண்ணை அவ அம்மாதானே கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரணும்? அப்பா இல்லைன்னாலும் அப்படித்தானான்னு இவங்க கேக்கறாங்க.”

அம்மா அக்காவின் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த மடிப்பு. கை நின்றது. தலை நிமிரவில்லை. அக்கா கண்ணாடியில் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடி தோளில் போட்டார். நான் பேசிய தமிழ் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டேன்.

“காது கேக்குது,” என்றார். பிறகு, “ஆமான்னு சொல்லு.”

“எல்லாக் கல்யாணத்துலயுமா?”

“நம்ம வீட்டுல எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தான்னு சொல்லு.”

சொன்னேன். ராஜா காலத்தையும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அத்தையின் முகம் தெளிந்தது. அவரே அக்காவின் கையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். தட்டுக்காரர்களைப் பின்னால் வரச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தங்கை கண் காட்ட, புகை கிளம்பியது. கொஞ்சம் அதிகமாகவே கிளம்பி, மேடையே காணாமல் போனது. முன்வரிசையில் இருமினார்கள். அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது காப்பிக்கொட்டை நிறப் புடவை. அம்மா நிமிர்ந்து, அவசரமே இல்லாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அமீர்பேட் பெண்கள் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்கள். கடைசி விருந்தாளி இறங்கும்வரை அம்மா மேடையை விட்டு இறங்கவில்லை. அதுவும் வழக்கத்தில் சேர்ந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு ஆற்காடு, ஆரணி, வாலாஜா என்று அந்தப் பக்கத்து மண்டபங்களில் எத்தனையோ மேடை கட்டிவிட்டேன். அந்த வழக்கத்தை எங்குமே பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்கும் அம்மாக்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அம்மாவிடம் போனில் கேட்டேன். “இப்பல்லாம் விட்டுட்டாங்க போலருக்கு,” என்றாள், கொஞ்சம் வருத்தம்கூடக் காட்டி.

ரிசப்ஷன் அன்று குடும்பப் படம் எடுக்க மாமாவைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். மண்டபம் முழுக்கத் தேடினேன். கடைசியில் சமையல்கட்டில் இருந்தார். கவிழ்த்த ஒரு கூடை மேல், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து பாட்டுச் சத்தம் அங்கேயும் கேட்டது. படத்துக்குக் கூப்பிட்டேன். “நான் இங்கேயே இருக்கேன், நீ போ,” என்றார்.

அவருக்குப் பசி என்று நினைத்தேன். பரிமாறுகிறவரிடம் கேட்டு ஒரு லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.