எந்தப் பெடல், எந்தக் கால்

நடந்தவை, வரிசைப்படி:

1. சைக்கிள் கடை வாசலில், புதிய பெடலைப் பூட்டிய ஐந்தாவது நிமிடம், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தேன். கடைக்கார அங்கிள் மட்டும் பார்த்தார்.

2. ஜெலுத்தோங் சாலையில், சிவப்பு விளக்கில். ஒரு தொழிற்சாலைப் பேருந்து முழுக்கப் பார்த்தது. என் தொழிற்சாலைப் பேருந்து.

3. காலைச் சந்தையில், கங்கோங் கீரைக் குவியலின் மேல். கீரை விற்ற அக்கா என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, நசுங்கிய கட்டுகளை என்னிடமே விற்றார்.

4. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள். அப்போது சைக்கிள் வெளியே நின்றுகொண்டிருந்தது.

5. எங்கள் வீட்டு கேட்டில், அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியின் மேல். தொட்டி உடைந்தது.

முதல் நான்கையும் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். ஐந்தாவதில் தொட்டியே சாட்சி. அம்மா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய காயங்கள் அங்கே வரிசையாக இருந்தன.

"இன்னொரு தடவ விழுந்தே, அந்த சைக்கிள் தாசேக் கெலுகோர் போயிடும். அங்க உங்க மாமா மவன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான்."

"அவன் அத என்னா பண்ணுவான்மா?"

"பின்னால கேரியர் போட்டு கோழித் தீனி ஏத்துவான். ஏன், நல்லதுதானே?"

அம்மா சொன்னால் செய்வார். அது ஒல்லியான, சிவப்பு நிற ரேஸ் சைக்கிள். ஒரு விரலால் தூக்கலாம். அதன் பின்னால் ஒரு மூட்டை கோழித் தீனியை நினைத்துப் பார்த்து அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அது வியாழக்கிழமை. ஞாயிறன்று எங்கள் தீவைச் சுற்றி ஒரு முழுச் சுற்று போக வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் சைக்கிளில் தீவைச் சுற்றுவார்கள். பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர்தான் தலைவர். இரண்டு முறை நானும் போனேன். இரண்டு முறையும் தெலுக் பஹாங் மேட்டில் மழை பிடித்து, சாதாரணப் பெடலில் ஷூ வழுக்கி, பின்தங்கி, பஸ் வரும் சாலை வரை தள்ளிக்கொண்டு நடந்தேன்.

"கிளிப்லெஸ் மாட்டு, தங்கச்சி," என்றார் அண்ணன். "இந்தப் பெடல வச்சிக்கிட்டு அடுத்த வருஷமும் அந்த மேட்டுலயேதான் நிப்பே."

கிளிப்லெஸ் பெடல் இப்படி: ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சிறிய துண்டைத் திருகி வைப்பார்கள். அதைப் பெடலில் அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிறகு கால் வழுக்காது. விடுவிக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நிற்பதற்கு முன் திருப்ப வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ரேஸ் ஓட்டுபவர்களுக்கானது. கிளீட் பெரியது, ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். மற்றது மலைப்பாதை சைக்கிளுக்கானது. கிளீட் சிறியது, ஷூவின் அடிப்பாகத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். நான் ஏழு வரிகளில் ஓர் அட்டவணை போட்டேன்: எடை, உறுதி, பூட்டும் பரப்பு என்று. மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் ரேஸ் வகை வென்றது. கடைக்கார அங்கிளிடம் பழைய ஜோடி ஒன்று இருந்தது. "பாகுஸ் லா, தங்காச்சி, நல்ல சாமான்," என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிப் பூட்டிக் கொடுத்தார். மேலே உள்ள பட்டியல் அங்கிருந்து தொடங்குகிறது.

அட்டவணையில் 'நடப்பது' என்று ஒரு வரி இல்லை. நாசி கண்டார் கடையின் எண்ணெய் படிந்த டைல்ஸ் தரையில், கையில் தட்டோடு, துருத்திய கிளீட்டின் மேல் நடந்தபோது அது தெரிந்தது. மீன் குழம்பு பக்கத்து மேசைக்காரரின் சட்டை வரை போனது. ஆகவே நான்காவது விழுதலுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மற்ற நான்குதான் புதிர்.

தொழிற்சாலையில் போர்டுகள் தொடர்ந்து கெட்டுப்போனால், 'ஏன்' என்று முதலில் கேட்க மாட்டோம். கெட்டவை எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து நான்கையும் எழுதினேன். மழை: இரண்டில் உண்டு, இரண்டில் இல்லை. வேகம்: எல்லாவற்றிலும் பூஜ்யம். விழுந்த பக்கம்: வலது, வலது, வலது, வலது.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிவப்பு விளக்கில் அவர் எனக்குப் பின்னால் நின்றவர்.

"நீ இடது கால கரெக்ட்டா கழட்டிட்டே," என்றார். "அப்புறம் நிம்மதியா வலது பக்கம் சாஞ்சே. இடது கால் மட்டும் மேல நின்னு எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டுச்சு."

"சிரிக்காதீங்கண்ணே."

"சிரிக்கல லா. பஸ்ஸுல இருந்தவங்கதான் திருப்பி டாட்டா காட்டினாங்க."

ஹேண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு கால் நீளமோ என்று டேப் வைத்து அளந்தேன். இரண்டும் ஒன்று. அன்று மாலை வேலை முடிந்து, இரண்டு கையிலும் பைகளோடு வீட்டு வாசலுக்கு வந்தேன். இடது கால் முன்னால் வந்தது. நின்றேன். ஒரு சின்ன எட்டு வைத்துக் காலை மாற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பைகளை அங்கேயே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

வீடு, பள்ளிக்கூடம், பேருந்து, லிஃப்ட், வேலையின் முதல் நாள். "வலது கால எடுத்து வை" என்று கேட்டு வளர்ந்த உடம்பு. அதற்குத் தரையும் கால் எடுத்து வைக்கிற ஓர் இடம்தான். மூளை இடது காலைக் கழற்றியது. ஏனென்றால் இந்த நாட்டில் வண்டிகள் இடதுபக்கம் போகின்றன, சாலையோரம் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்போ, தரையில் முதலில் படப்போகும் மரியாதையை வலது காலுக்கே கொடுத்தது. அந்தக் கால் பூட்டிக் கிடந்தது.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நீ விழறதுக்கு நாந்தான் காரணமா?"

"காரணம்னு சொல்லலம்மா. எல்லாத்துலயும் பொதுவா இருக்கறது அதுதான்."

அம்மா கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார். "உள்ள போறதுக்குத்தாண்டி வலது கால். எறங்கறதுக்கு யாரு சொன்னா? எறங்கும்போது எந்தக் கால வச்சா என்னா?"

இருபத்து நான்கு வருடங்களில் இந்த விளக்கம் எனக்குத் தரப்படவில்லை.

விளக்கம் கிடைத்தாலும் உடம்பு ஒரே நாளில் கேட்காது. எனவே பெடலைத்தான் மாற்ற வேண்டும். மலைப்பாதை வகையில் ஒவ்வொரு பெடலிலும் தனித்தனியாக ஒரு சிறு திருகு உண்டு. பிடியை இறுக்கலாம், தளர்த்தலாம். என்னுடைய பழைய ஜோடியில் அது இல்லை. சனிக்கிழமை காலை அங்கிள் பெடலையும் ஷூவையும் மாற்றித் தந்தார். இடது திருகை நடுவில் வைத்தேன். வலது திருகை முடிந்த மட்டும் தளர்த்தினேன். மறந்துபோய் வலது பக்கம் சாய்ந்தாலும் கால் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

"இந்த ஷூ நடக்க நல்லது. நாசி கண்டார், போலே!" என்றார் அங்கிள். நாசி கண்டார் கடைக்குப் போகலாமாம். செய்தி அவர் வரைக்கும் போயிருந்தது.

அம்மா தன் கண் முன்னால் நிறுத்திக் காட்டச் சொன்னார். மீதித் தொட்டிகளை எல்லாம் முதலில் உள்ளே எடுத்து வைத்தார். அது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. எதிர்வீட்டில் இருவர் வெளியே வந்து நின்றார்கள். நான் சந்தின் முனைவரை போய்த் திரும்பி வந்தேன். கேட்டை நெருங்கும்போது குதிகாலைத் திருப்பினேன். இடது கால் விடுபட்டது. சைக்கிள் மெதுவாகி, நின்று, எனக்குப் பழக்கமான பக்கம் சாயத் தொடங்கியது.

"இடது! இடது காலுடி!"

வாழ்நாள் முழுக்க வலது கால் என்று சொன்ன அதே குரல், சந்து முழுக்கக் கேட்கும்படி. உடம்பு உடனே கீழ்ப்படிந்தது. இடது கால் சாக்கடை மூடியின் மேல் ஊன்றியது. நின்றேன்.

எதிர்வீட்டில் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. "ம். நாளைக்குப் போ. நிக்கிற எடத்துல எல்லாம் நான் சொன்னத நெனச்சுக்க," என்று சொல்லிவிட்டு, தொட்டிகளை எடுக்க உள்ளே போனார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அந்த ஞாயிறன்று தீவைச் சுற்றி முடித்தேன். மேட்டில் வலது கால் இரண்டு முறை கழன்றது, கடைசி ஆளாகத்தான் வந்தேன், ஆனால் பஸ் சாலைக்கு நடக்கவில்லை. இடது கால் இப்போது தானாகவே முதலில் இறங்குகிறது. வலது திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவரை இறுக்கிவிட்டேன். வீட்டுக்குள் வலது காலை வைத்துத்தான் நுழைகிறேன். மாமா மகன் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். என் சைக்கிள் எங்கள் ஹாலில் நிற்கிறது.