பாண் ஓட்டோ இராசதுரையின் இந்த வருசத்து முதலாம் இடம்

உப்புவெளியில் இராசதுரையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். பேக்கரியிலிருந்து பாணும் பணிஸும் கொண்டுவந்து விற்கிற அவருடைய பாண் ஓட்டோவைத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. கூரையில் கட்டிய ஹோர்னில் பேக்கரி முதலாளி கொடுத்த அந்த ஒரே மெட்டு. அது கேட்டதும் குசினியில் நிற்கிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்துவிடுவார்கள். ஆண்டாண்டாக அதையே கேட்கிற மனிதருக்குக் காது புளித்திருக்க வேண்டும். இராசதுரைக்குப் புளிக்கவில்லை. ஒரு காதை ஹோர்னுக்குக் கொடுத்துவிட்டு, மற்றக் காதில் சின்னப் பிளேயர் ஒன்றின் இயர்போனை மாட்டி, உலகத்தின் வேறு மூலையில் யாரோ கித்தார் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே ஓடுவார். கித்தார் கொஞ்சம் உருக்கமாகப் போனால், ரெண்டு பாணும் நாலு பணிஸும் கேட்டவளுக்கு நாலு பாணும் ரெண்டு பணிஸும் கொடுத்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுவார்.

இளவயதில் கடற்கரை விடுதி ஒன்றின் குசினியில் வேலை செய்தபோது பிடித்த பைத்தியம் இது. வெள்ளைக்காரர் விட்டுப்போகும் செருப்பையும் துவாயையும் மற்றவர்கள் எடுக்க, இவர் கசெட்டுகளைப் பொறுக்கினார். ஆனால் பழசைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆளில்லை. “பழம்பாட்டை ஆரும் கேப்பினம். இந்த வருசம் வந்ததைக் கேக்கவும் ஒரு ஆள் வேணுமெல்லோ?” என்பது அவர் கட்சி. ஆகவே வருசா வருசம் புதிதாக வரும் அல்பங்களைத் தேடித்தேடிக் கேட்பார். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகைதான். ஒன்று ரூட்ஸ். “வேரிலயிருந்து வாற பாட்டு. ஒரு மனுசன், ஒரு கித்தார், ஒரு கவலை.” மற்றது ரொக். “அதே கவலைதான், கரண்டோட.”

பாடகர்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. அட்டைப்படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துவிடுவார். இந்த வருசம் அவர் மனதில் நின்றவை நாலு. நாலு பெட்டைகள் ஒரு கராஜுக்குள் நின்று போட்டுடைத்த ரொக், அதற்குப் பெயர் ‘பச்சைக் கதவு’. மீசைக்காரச் சகோதரர்கள் பாஞ்சோவும் மண்டலினும் வைத்துக்கொண்டு குதிரை ஓட்டம் ஓடியது ‘மூண்டு மீசை’. ‘கழுதை வண்டில்’ என்பது ஏதோ ஒரு தீவின் ரெகே. அதன் பேஸ் சத்தத்துக்குப் பெட்டிக்குள் இருக்கும், மீன் வைத்த மாலு பாண்கள்கூட ஆடும். நாலாவது, நரைத்த தலையோடு ஆற்றங்கரையில் குந்தியிருந்த ஒரு பெண். ஒற்றைக் கித்தார், இடையிடையே ஒரு வயலின், கொஞ்சம் உடைந்த குரல். அதற்கு ‘ஆத்தங்கரை அக்கா’ என்று பெயர் வைத்தார். அக்காவின் பாட்டில் அவருக்குப் பாதிச் சொல்லும் விளங்காது. விளங்கின பாதிக்கே ஓட்டோவை ஒழுங்கை ஓரத்தில் நிற்பாட்டிவிடுவார்.

இனி அபூதாஹிருக்கு வருவோம். பட்டினத்து மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருப்பவர். கட்டி ஐஸை மெஷினில் போட்டு உடைத்து மீன்காரருக்கு விற்பது தொழில். இராசதுரையோடு சண்டை பிடிப்பது பொழுதுபோக்கு. காலைச் சுற்று முடிந்ததும் இராசதுரை வெறும் பெட்டியோடு அங்கே வந்துவிடுவார். இருவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், ஒரு பாட்டும் தாண்டக் கூடாது, முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. வருச முடிவில் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் முதலாம் இடம். ஒத்துக்கொள்வது என்பது லேசில் நடக்காது. “இது பாட்டா மச்சான்? மூக்கால அழுகிறான்” என்று அபூதாஹிர் தொடங்கினால், தைப்பொங்கல்வரை இழுபட்ட வருசமும் உண்டு. ஒரு பாஞ்சோவுக்காக ஒரு மாதம் முழுவதும் இருவரும் முகம் பாராமல் இருக்க, கடைசியில் அபூதாஹிரின் மனைவி ஷிஃபானா வட்டிலப்பம் அனுப்பிச் சமாதானம் செய்துவைத்தாள்.

அப்படிப்பட்ட அபூதாஹிர் இந்த வருசம் எதற்குமே எதிர்ப்புச் சொல்லவில்லை.

‘பச்சைக் கதவு’ போட்டுக் காட்டினால், “நல்லம் மச்சான்.” ‘மூண்டு மீசை’க்கு, “அதுவும் நல்லம்.” பாஞ்சோவுக்கு நல்லம் என்று சொல்கிற அபூதாஹிரா? ‘அக்கா’வை முதலாம் இடத்துக்குச் சொன்னபோது, “ஓம், போடு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லாத தேர்தலில் வென்றவர் மாதிரி இராசதுரை சப்பென்று வீட்டுக்குப் போனார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இவனுக்குப் பாட்டுப் புளித்துவிட்டது, பாட்டுப் புளித்தால் நானும் புளித்துவிடுவேன், பிறகு அந்த ஐஸ் கடையில் எனக்கு என்ன வேலை என்று யோசித்து யோசித்து மனிதர் நொந்துபோனார்.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள், கடைசி முயற்சியாக, காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்தார். வயர் இல்லாதது. ஐஸ் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. அபூதாஹிரை உள்ளே கதிரையில் இருத்தி, தலையில் மாட்டி, போனில் ‘பச்சைக் கதவு’ அல்பத்தை அழுத்திவிட்டு, முன்கடைக்குப் பிளேன்ரீ வாங்கப் போனார்.

போனுக்கு என்ன தெரியும்? அது நாள்தோறும் மெட்டுப் போட்டுப் பழகின இடத்தோடுதான் போய் ஒட்டிக்கொண்டது. பாண் ஓட்டோவின் ஹோர்னோடு.

இராசதுரை ரீக்குச் சீனி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம், சந்தைத் தெருவே அதிர்ந்தது. நாலு பெட்டைகளும் கூரை ஹோர்னுக்குள்ளால் வெளியே குதித்துவிட்டார்கள். அந்த ஹோர்னில் எது கேட்டாலும் அது பாண்தான் என்று பழகின சனம் ஓட்டோவைச் சுற்றி நின்றது. இராசதுரை ரீக் கோப்பையோடு ஓடிவந்தார்.

“அண்ணே, ரெண்டு பாண்.”

“பாண் முடிஞ்சுதம்மா.”

“அப்ப என்னத்துக்கு ஹோர்ன் அடிக்கிறீங்க?”

இராசதுரை கடைக்குள் எட்டிப் பார்த்தார். அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாத ஹெட்போனுக்குள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். விரல் முழங்காலில் தாளம் போட்டது. அந்தத் தாளத்துக்கும் தெருவில் போன தாளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இராசதுரை ஹெட்போனைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “எப்பிடி?” என்றார்.

“அருமை மச்சான். அந்தக் கித்தார் இரிக்கே, சும்மா உருகுது.”

அந்த நேரம் கித்தாரே இல்லை. மேளக்காரி தனியாக நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். மீன் சந்தையில் வாளை மீனுக்குத்தான் அது கேட்டிருக்காது. ‘செவிடன் காதில ஊதின சங்கு’ என்ற பேச்சு, பழைய சண்டைப் பழக்கத்தில், இராசதுரையின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டார். போனை நிறுத்தினார். பிறகு மெஷினையும் நிறுத்தினார்.

சத்தம் நின்ற இடத்தில் அபூதாஹிரின் முகமும் மாறியது. வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார், ஓட்டோவைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

“எப்ப இருந்து?” என்று கேட்டார் இராசதுரை, உரத்து.

“போன நோன்போட கூடிப்போச்சு. பாங்கு சொல்றதுகூட தூரத்தில எங்கயோ கேக்கிற மாதிரி.”

“ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?”

அபூதாஹிர் ஐஸ் தூளைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார். “சொன்னா நீ பாட்டுக் கொண்டுவர மாட்டாய். பாட்டுக் கேக்காதவன்ட கடையில ஒனக்கு என்ன வேல?”

பாருங்கள் இந்த இரண்டு கிழட்டு மடையர்களை. ஒருவருக்கு இருந்த பயமே மற்றவருக்கும் இருந்திருக்கிறது. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஊர்க்கதை எல்லாம் கதைப்பார்கள், இதை மட்டும் கதைக்க மாட்டார்கள். இராசதுரைக்கு அழுகை வந்தது. அழத் தெரியாததால் ஏசினார்.

ஷிஃபானாவைக் கேட்டால் அவளிடமும் ஒரு பாடு கதை இருந்தது. “நானும் எத்தன தரம் சொல்லிட்டன் துரை அண்ணன். இவர் டீவி வைக்கிற சத்தத்தில பக்கத்து வளவு ஆக்களெல்லாம் எங்கட நாடகத்த அங்க இருந்தே பாக்கிறாங்க. காதக் காட்டுங்க எண்டா, ஊர் சிரிக்கும் எண்டுறார்.”

“ஊர் சிரிக்கட்டும். நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றார் இராசதுரை.

பாண் ஓட்டோவில்தான் போனார்கள். அவசரத்தில் ஹோர்னை நிற்பாட்ட மறந்துபோனார் இராசதுரை. வழி நெடுகச் சனம் கேற்றடிக்கு வந்து கை காட்டியது. ஒன்றும் கேட்காத அபூதாஹிர், எனக்கு இவ்வளவு மரியாதையா என்று மகிழ்ந்து, எல்லோருக்கும் திருப்பிக் கை காட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் ஒரு சீனி பணிஸ் கேட்டார்.

காது பார்க்கிற டொக்டர், ஐஸ் மெஷினின் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்றார். வலது காதில் கேட்கிற மெஷின் பூட்டலாம், ஆட்கள் கதைப்பது நன்றாகக் கேட்கும் என்றார். பாட்டு எப்படி இருக்கும் என்று இராசதுரை கேட்டதற்கு, டொக்டர் கொஞ்சம் தயங்கினார். “அது சொல்ல ஏலாது. சில பேருக்குப் பாட்டு தகரத்தில தட்டுற மாதிரித்தான் கேக்கும். பழக வேணும். சில பேர் விட்டுடுறாங்க.”

மெஷின் வந்து பூட்டியும் ஆயிற்று. காகம் கத்துவதும், பொலித்தீன் பை சரசரப்பதும், ஷிஃபானா முணுமுணுப்பதும் எல்லாம் கேட்டது. முணுமுணுப்புக் கேட்காமல் இருந்த காலம் நல்ல காலம் என்று அபூதாஹிர் பகிடி விட்டார். ஆனால் பாட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. இராசதுரை போனை எடுத்தால் அவருக்கு உடனே மீன்காரரோடு வேலை வந்துவிடும். கேட்டு, தகரமாகக் கேட்டால், அதோடு எல்லாம் முடிந்துபோகும் என்ற பயம். இராசதுரைக்கும் அதே பயம்தான். ஆனால் இந்த முறை அவர் வாய் திறந்தார்.

“மச்சான், எனக்கும் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் வருசம் முடியுது. முதலாம் இடம் போட வேணும். நீ ஒத்துக்கொள்ளாமல் நான் போட மாட்டன்.”

அபூதாஹிர் போய் ஐஸ் மெஷினை நிறுத்திவிட்டு, கதிரையில் வந்து இருந்தார்.

‘ஆத்தங்கரை அக்கா’ தொடங்கினாள். சட்டப்படி இருவரும் வாய் திறக்கவில்லை. இராசதுரை பாட்டைக் கேட்கவில்லை. அபூதாஹிரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவது பாட்டில் அந்த முகம் சுளித்தது. தகரம்தான் போலும் என்று இவர் நினைத்தார். இரண்டாவதில் தலை ஒரு பக்கம் சரிந்தது. மூன்றாவதில் கண் மூடியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. சோதனைத் தாளைத் திருத்துகிற வாத்தியாரின் முகம் மாதிரி அசையாமல் இருந்தது. ஐஸ் வாங்க வந்த ஒருவரை இராசதுரை கையாலேயே திருப்பி அனுப்பினார். கடைசிப் பாட்டு முடிந்து, வயலின் ஓய்ந்து, கடைக்குள் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அபூதாஹிர் கண்ணைத் திறந்தார்.

“மச்சான், இதையா நீ முதலாம் இடத்துக்கு எண்டு சொன்ன?”

இராசதுரை போனை மேசையில் வைத்தார்.

“ரெண்டாம் பாட்டுல மனுசி தாளத்த விட்டுட்டு எங்கயோ போறா. நாலாம் பாட்டு என்னத்துக்கு? தேவையே இல்ல. கடைசியில அந்த வயலின்காரன் நித்திர கொள்றான். இதுக்கு நீ சொன்ன அந்த மேளக்காரப் பெட்டைகள் கேக்காமலே ஆயிரம் மடங்கு மேல். ஒனக்கு எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது.”

இரண்டாம் பாட்டில் அக்கா தாளத்தை ஒரு நூல் அளவு பிந்தவிடுகிற அந்த இடம் இராசதுரைக்கு மனப்பாடம். அது இவனுக்குக் கேட்டிருக்கிறது! சந்தோசத்தில் அவருக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

“தாளத்தை விடேல்லையடா, பிடிச்சு வச்சிருக்கிறா! ஐஸ் உடைக்கிறவனுக்கு அது எங்க விளங்கப் போகுது?”

“பணிஸ் விக்கிறவனுக்குப் பெரிசா விளங்கிட்டு!”

“பெட்டைகள் அடிச்சது மேளமே? பெட்டி இறக்கிற சத்தம்!”

இருவரும் எழும்பி நின்று, மேசையில் தட்டி, தெருவுக்குக் கேட்கக் கத்தினார்கள். மத்தியானச் சோற்றுப் பார்சலோடு வந்த ஷிஃபானா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன துரை அண்ணன், திரும்பவும் சண்டையா?”

“ஓம் தங்கச்சி” என்றார் இராசதுரை. கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. “பெரிய சண்டை.”