நீலா எண்ணிய ஏழாவது ஆள்

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டின் எடைமேடையில் நீலாவுக்குப் பதினோரு வருட சர்வீஸ். காசிமேட்டுக்காரி, கணவர் விசைப்படகில் போகிறவர். மேடையில் ஏறும் லாரியின் எடையில் தகராறு வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள். ஸ்டெப்னியைக் கழற்றச் சொல்வாள், கிளீனரை இறங்கச் சொல்வாள், டிரைவரை இறங்கச் சொல்வாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வித்தியாசத்தைப் பிடித்துவிடுவாள்.

போன மழையில் எண்ணூர் சாலை மூழ்கி, நான்கு நாள் டிரெய்லரே வரவில்லை. கூட வேலை பார்க்கும் ஜெரி தன் பழைய லேப்டாப்பைத் திறந்து ஒரு கேமைக் காட்டி, நீலாவை ஆடவைத்தான். கப்பலில் ஆட்களைக் கொண்டுபோய் ஆளில்லாத தீவில் ஊர்கள் அமைக்க வேண்டும். பயிர், நெசவு எல்லாம் நடத்தி, கடைசியில் தாய்நாட்டு ராஜாவோடு சண்டை போட்டு விடுதலை வாங்க வேண்டும். நாம் ஒரு முறை ஆடினால் கம்ப்யூட்டர் ஒரு முறை ஆடும். ஆறு வருடமாக ஆடுகிற ஜெரி ஒரு தடவைகூட ராஜாவை ஜெயித்ததில்லை.

மூன்றாம் நாள் நீலாவின் பெரிய ஊரில் விசித்திரம் நடந்தது. பதினைந்து பேர் இருந்த ஊர். நான்கு நெசவாளிகள் இருபத்துநான்கு துணி நெய்தார்கள். கப்பலில் வந்த புது ஆளைத் தறியில் உட்காரவைத்தாள். துணி இருபதாகக் குறைந்தது.

"ஆள் சேந்தா துணி கொறையுமா? இன்னா ஜெரி இது?"

"கேமே கோளாறுக்கா. ஆன்லைன்ல அல்லாரும் அத்தத்தான் சொல்லிகினு கீறாங்கோ."

"எடைமேட கோளாறுன்னுதான் டிரைவருங்கோ சொல்றானுங்கோ. ஒரு தபாவாச்சும் மேட தப்பு பண்ணிச்சா?"

புது ஆளை வயலுக்கு அனுப்பினாள். துணி பதினாறாக இறங்கியது, விளைச்சலும் விழுந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தினாள். துணி மறுபடி இருபத்துநான்கு. ஆக, குறை தறியில் இல்லை. அவன் ஊருக்குள் இருந்தாலே எல்லோருக்கும் மந்தம்.

ஒவ்வொரு ஊரிலும் விடுதலைக்கு எத்தனை சதவீதம் ஆதரவு என்று திரையில் ஓர் எண் தெரியும். அவன் வந்ததும் பெரிய ஊரில் அது அறுபதிலிருந்து ஐம்பத்தாறானது.

"பாதிக்கு மேல கீதே, அதனால இல்லக்கா," என்றான் ஜெரி.

நீலா தன் குட்டி ஊரைத் திறந்தாள். ஐந்து பேர், ஆதரவு வெறும் இருபது. வேலை ஜோராக நடந்துகொண்டிருந்தது. எடைச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். குட்டி ஊரில் விடுதலை வேண்டாமென்று ராஜா பக்கம் நிற்பவர்கள் நான்கு பேர். பெரிய ஊரில் முன்பு ஆறு, இப்போது ஏழு.

"சதவீதத்த வுடு ஜெரி. தலைய எண்ணு! ராஜா ஆளு ஆறு வரைக்கும் பேஜாரு இல்ல. ஏழாவது ஆள் வந்தா மொத்த ஊரும் படுத்துக்குது."

ஜெரி நான்கு ஊர்களில் எண்ணிப் பார்த்தான். நான்கிலும் சரியாக வந்தது. உடனே ஆட்டக்காரர்களின் இணையக் குழுவில் எழுத ஆரம்பித்தான்: என் தோஸ்து ஒருத்தர் கண்டுபிடித்தது.

"இன்னா தோஸ்து? எனக்குப் பேர் இல்லியா? நீலா, காசிமேடுன்னு போடு."

போட்டான். மறுநாளைக்குள் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் பழைய ஆட்டங்களைத் திறந்து எண்ணிப் பார்த்து, சரி சரி என்று எழுதியிருந்தார்கள். கேம் கோளாறா இல்லையா என்று வருடக்கணக்காக நடந்த வாக்குவாதம் முடிந்தது. நீலா அந்தப் பதில்களை ஜெரியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதன்பின் அவள் ஆடியது வேறு ஆட்டம். எந்த ஊரிலும் ராஜா பக்கத்து ஏழாவது ஆளை விடவில்லை. பிரித்துப் பிரித்துக் குடியமர்த்தினாள். தறிகள் ஓடின, துப்பாக்கிகள் குவிந்தன. சாலையில் தண்ணீர் வடிந்து வண்டிகள் வர ஆரம்பித்த அன்று காலையில் விடுதலையை அறிவித்தாள். ராஜாவின் கப்பற்படை கரைக்கு வந்தது. வெளியே ஆறு டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன.

"அஞ்சு நிமிசம் நில்லு நைனா, ராஜா வந்துகினு கீறான்!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

டிரைவர்கள் இறங்கி ஜன்னலில் கூடிவிட்டார்கள். கடைசிக் கப்பல் மூழ்கி, திரையில் ராஜாவின் கொடி இறங்கியது. ஜெரி நாற்காலி மேல் ஏறிக் கூவினான். ஒன்றும் புரியாமலே டிரைவர்களும் கைதட்டினார்கள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றார் முதல் வண்டிக்காரர் ரகுபதி.

"சொதந்தரம் வாங்கிட்டோம் நைனா," என்றாள் நீலா. "வண்டிய ஏத்து."