ஜெயராணியின் எலிகளும் பெலிக்ஸின் பேனரும்

செஞ்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன நோய் என்று எனக்குத் தெரியும். எவனுக்கு எவ்வளவு அறிவு என்பதும் தெரியும்.

என் கடைக்கு எதிர்வீட்டுப் பெண் ஜெயராணி. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக எலிகளோடு மாரடிக்கிறாள். எலிகளுக்கு வலிப்பை வரவழைப்பார்கள். திருநீற்றுப்பச்சிலை எண்ணெயில் வாசனை தருகிற பொருளைப் பிரித்தெடுத்துக் கொடுத்து, வலிப்பு அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் அடங்கியது. அவ்வளவுதான். மனிதர் யாருக்கும் அதில் ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை.

அவள் அண்ணன் பெலிக்ஸுக்கு அது போதவில்லை. 'வலிப்புக்கு மருந்து கண்ட செஞ்சியின் செல்வமே' என்று பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டிவிட்டான். அவள் போட்டோவைவிடத் தன் போட்டோவைப் பெரிதாகப் போட்டிருந்தான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லோடு வேன் ஓட்டுகிற பச்சைமுத்து, மகள் சுவாதிக்கு மாதம் தவறாமல் என்னிடம் வலிப்பு மாத்திரை வாங்குவார். பேனர் வந்த மாதம் வரவில்லை. விசாரித்தேன். என்ன மருந்து என்று பெலிக்ஸிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு, பச்சிலை எண்ணெயை மகள் மூக்கில் தடவிக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டு முறை வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் தையல் போட்டிருந்தது.

ஜெயராணிக்குப் போன் செய்து மரியாதை இல்லாமல்தான் பேசினேன். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், முதலில் பேனரைக் கிழித்தாள். குடும்ப மானம் போயிற்று என்று பெலிக்ஸ் நடுரோட்டில் கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பச்சைமுத்துவை என் கடைக்கு வரவழைத்து, அது மருந்தே இல்லை என்று கெஞ்சினாள். அவர் நம்பவில்லை. பெரிய இடத்துக்கு விற்கப் பதுக்குகிறாள், தங்களைப் போன்ற ஏழைகளுக்குத் தர மனசில்லை என்று ஏசினார். எனக்குத் திட்டு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இந்த ஊர் அவர்களுக்கு எதைத்தான் மனசோடு கொடுத்திருக்கிறது? அடக்கிக்கொண்டேன்.

"எலிக்குக் குடுத்தியேம்மா. எம்பொண்ணு எலிய விட மட்டமா?" என்றார்.

ஜெயராணி அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த எலிங்கள்ல ஒன்னுகூட இப்ப உசுரோட இல்லண்ணே. மூளைய அறுத்துப் பாத்துதான் இன்னா ஆச்சுன்னு எழுதினோம். சுவாதிக்கும் அப்பிடிப் பாக்கச் சொல்றீங்களா?"

அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. அன்றே மகளை டாக்டரிடம் கூட்டிப்போய், மறுபடி மாத்திரையை ஆரம்பித்தார். சுவாதி அதற்குப்பிறகு விழவில்லை. ஆனால் ஜெயராணி ஊருக்கு வந்து அவர்கள் தெருவில் நடந்தால், பச்சைமுத்து மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.