கொடுவாவுக்கு வாங்கிய நரம்பு

மாலை ஐந்தே கால். டிராம்பே கழியில் கொடுவா மீன் பிடிக்கப் போன மகள் நான்கு மணிக்கே திரும்பியிருக்க வேண்டும். கடல் ஏறும் நேரம். தாராவியில் தூண்டில் நரம்பு விற்றவரின் முகம்தான் கண்முன் நின்றது.

ஒல்லியான மனிதர். எந்த நரம்பையும் உதடுகளுக்கிடையே ஒரு முழம் இழுத்துப் பார்த்துத்தான் விற்பார். விரலுக்குத் தெரியாத சிராய்ப்பு உதட்டுக்குத் தெரியுமாம்.

"பொண்ணுக்கு வாங்கறேன். இருக்கறதிலேயே தடிமனானதைச் சுத்துங்க. அறுந்துடக் கூடாது," என்றேன் அன்று அவர் கடையில்.

"சின்ன ரீலு சார். தடி நரம்பு சுருள் சுருளாத் துள்ளி வெளிய வந்துரும். பாறையில மாட்டுனா அறுந்தாத்தான் பிள்ள வீடு வந்து சேரும்."

"என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும். சுத்துங்க."

அவர் ரீலை உள்ளே எடுத்துப்போய்ச் சுற்றி, உறையில் போட்டுக் கொண்டுவந்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆறரைக்கு மகள் வந்தாள், இடுப்புவரை நனைந்து.

"பாறையில மாட்டிடுச்சுப்பா. விட மனசில்லாம இழுத்துட்டே நின்னேன். தண்ணி ஏறினதே தெரியலை. அப்புறம் அறுந்துடுச்சு, வந்துட்டேன்."

ரீலை வாங்கிப் பார்த்தேன். மிச்சமிருந்தது தலைமுடிபோல் மெல்லிய நரம்பு.

அவள் முகத்தைச் சுளித்தாள். "கொஞ்சம் தடியா வாங்கியிருக்கக் கூடாதாப்பா?"